கரியடுப்பில் காய்ந்த சுவர்

ஊட்டி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் வீட்டுக்காரன் கந்தப்பன் எழுதுவது. நான் நலம். அங்கே நீயும் வேணியும் உன் அப்பா அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். மேட்டுப்பாளையம் வந்ததிலிருந்து பிள்ளைக்கு மூச்சு இழுப்பே இல்லை என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு, மண்டியில் முட்டைக்கோஸ் மூட்டை தூக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தேன். புதையல் எடுத்தாயா என்று கூட மூட்டை தூக்கும் சில்வஸ்டர் கேட்டான்.

வீட்டு விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை தாமதம். ஓடைக்கரைக் குடிசைகளிலிருந்து நம்மைக் கொண்டுவந்து வைத்த இந்த வீடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுத ஆட்கள் வருவார்கள், சுவரில் நீர் இறங்கும் கட்டடங்களை மட்டும் சர்க்கார் பழுதுபார்க்கும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? திங்கட்கிழமை வந்தார்கள். பார்த்துவிட்டுப் போயும் விட்டார்கள்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாளே பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் அக்கா பிளாக் முழுவதையும் கிளப்பிவிட்டாள். செவுரெல்லாம் பூசணம் பூத்துக் கெடந்தா, குடிசைக்காரங்களுக்கு ஊடு வெச்சுக்கத் தெரியலீன்னு எழுதீட்டுப் போயிருவாங்க, ஓடக்கரையில பட்ட பேச்சு போதாதா என்று வீடு வீடாகச் சொன்னாளாம். நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் எல்லா வீட்டிலும் புதுச் சுண்ணாம்பு. இந்த மழையில் சுண்ணாம்பு எங்கே காயும்? குளிருக்கு மூட்டும் கரியடுப்புகளைச் சுவரோரம் வரிசையாக வைத்து அனல் காட்டிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுச் சாவிதான் அவளிடம் இருக்கிறதே, வேணி படுக்கும் மூலையிலும் ஒரு அடுப்பு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நேரில் பார்த்தேன்.

வந்தவர்களில் ஒரு பெண் நல்ல மாதிரி. நம் சுவரைத் தொட்டுப் பார்த்து, ஊட்டியில் இப்படிக் காய்ந்த சுவரா என்று சந்தோஷப்பட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஏனுங்க, இது கரிச்சூடுங்க, மழ பெஞ்சதும் வந்து தொட்டுப் பாருங்க, இந்த ஈரத்துலதானுங்க எம்புள்ளைக்கு மூச்சு முட்டுச்சு என்று சொன்னேன். உடனே தனபாக்கியம் அக்கா, அவம் பொண்டாட்டி கோவிச்சுட்டு அப்பன் ஊட்டுக்குப் போயிட்டாளுங்க, அந்த வெசனத்துல பேசறானுங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண், குடும்பம் என்றால் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் சுண்ணாம்பு பாளம் பாளமாக உரிந்து விழுந்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் ஆபீசுக்கு ஓடினேன். குடியிருப்பவர்களே திருப்தி என்று சொன்ன பிறகு நாங்கள் வேறு என்ன எழுத முடியும் என்று கேட்டார்கள். நமது பிளாக் நல்ல நிலையில் இருக்கிறதாம். திரும்பி வரும்போது தனபாக்கியம் அக்கா தன் வீட்டுச் சுவரைத் துடைத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் தீரவில்லை. நேராக உள்ளே போய்விட்டேன்.

வெளியே வாடகைக்குப் போக என் கூலிக்கு வழியில்லை. மண்டியை விட்டுவிட்டு அங்கே வந்து மாமனார் சோற்றில் உட்காரவும் மனம் வரவில்லை. கோபப்படாதே.

மழை விட்டதும் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதை மறந்துவிடு. வேணியின் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். அங்கேயே சேர்த்துவிடு. அப்பா எப்போது வந்து கூட்டிப்போகும் என்று கேட்டால், மண்டியில் லீவு கொடுக்கவில்லை என்று சொல்.

மாரியாத்தா புண்ணியத்தில் என் பிள்ளை நன்றாக மூச்சு விட்டுத் தூங்கட்டும். நீ மட்டுமாவது ஒரு தரம் வந்து போ என்று எழுத நினைத்தேன். வேண்டாம், உன்னைக் காணாமல் அவள் அழுவாள்.

இப்படிக்கு,
கந்தப்பன்