தும்பன் வழக்கு: ஆம்பலந்துறையிலிருந்து குன்றவாயிலுக்கு

கடலும் கழியும் கைகோத்துக் காக்கும் ஆம்பலந்துறை நாட்டை ஆளும் நீர்க்கோதை அரசியார், மழை குறையாத மலைகளுக்கு உரிய குன்றவாயில் கோமகனார் திண்டேரனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் மலைகளில் தேன் நிறைக. தங்கள் குடிகள் அச்சமின்றி உறங்கி எழுக.

தாங்கள் அனுப்பிய ஓலை வந்து சேர்ந்தது. தங்கள் கோட்டைத் தலைவராயிருந்த கோளரி என்பவரை எங்கள் அறங்கூறவை விசாரிப்பது முறையன்று என்றும், குன்றவாயிலில் நடந்ததைக் குன்றவாயிலே கேட்டுக்கொள்ளும் என்றும், அவரை உடனே கலமேற்றி அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். வழக்கு முடியும்வரை அரியணையில் இருப்பவர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது இந்நாட்டு மரபு. ஆதலால் மறுமொழி தாமதமாயிற்று. இப்போது முடிந்துவிட்டது, நடந்ததைச் சொல்கிறோம். அவையில் ஒருவர் பேசியதைத் திருத்தி எழுதுவது இங்கே குற்றம். ஆகவே அவரவர் பேச்சு அவரவர் வாயில் வந்தபடியே இதில் இருக்கும். பொறுத்தருள்க.

வழக்குத் தொடுத்தவள் மௌவல், தங்கள் மலையில் பிறந்தவள். இங்கே துறையில் உட்கார்ந்து, உருக்கிய குங்கிலியத்தைப் படகுகளின் பலகை இடுக்குகளில் ஊற்றி ஓட்டை அடைப்பது அவள் தொழில். காலையில் கழியிலிருந்து எழும் பனி உச்சிப்பொழுது வரை எங்கள் ஊரைவிட்டுப் போகாது. படகுகள் தண்ணீரில் இல்லாமல் வானத்தில் தொங்குவதுபோல் இருக்கும். வந்து குடியேறியவர்கள் இந்தப் பனியைச் சபிப்பார்கள். மௌவல் மட்டும் அதை விரும்பினாள். பனிக்குள் தூரத்தில் நடந்து வரும் எவனும் கொஞ்ச நேரம் அவள் தம்பி தும்பனாகவே இருப்பான். கிட்ட வந்த பிறகுதான் வேறு ஆளாவான்.

தும்பனைத் தங்கள் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள். மதில் வேலைக்கு ஊராரைக் கட்டி இழுத்துப் போவது அரசர் சட்டத்தில் இல்லையே என்று வாயிலில் நின்று கேட்டான், அதற்காக. மௌவல் நாள்தோறும் அந்த வாயிலில் போய் நின்றாள். கோளரி வெளியே வந்து, தம்பி நலமாக இருக்கிறான், நாளை வா என்று சிரித்த முகத்தோடு சொல்வான். ஒரு நாள் அவன் சிரிக்கவில்லை; அப்படி ஒருவன் இங்கே வந்ததே இல்லை என்றான். தம்பியை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. பிறகு கடல் கடந்து இங்கே வந்துவிட்டாள்.

கோட்டைப் பொறுப்பு நீங்கிய கோளரியும் இங்கேதான் வந்து ஒதுங்கியிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. எங்கள் சட்டத்தை அவன் நன்றாகப் படித்திருந்தான். இந்நகரில் தன் கையால் அடுப்பு மூட்டியவர் யாராயினும் இவ்வூரார். அவர்மேல் இங்கே வழக்குத் தொடுக்கலாம். மூட்டாதவர் விருந்தினர், அவரை அவைக்கு அழைக்க முடியாது. ஆதலால் அவன் ஆண்டுக்கணக்கில் சத்திரத்துச் சோற்றையே தின்றான். குளிர்காயவும் நெருப்பு வைத்ததில்லை.

மனிதனை நாக்கு விடுமா? தங்கள் மலையிலிருந்து வந்த வணிகன் ஒருவன் ஒரு கூடை கவலைக்கிழங்கு கொடுத்துவிட்டுப் போனான். காய்ச்சலில் கிடந்து எழுந்த வாய்க்குச் சத்திரத்து மீன்குழம்பு கசந்தது. பனி கெட்டியாகக் கிடந்த ஒரு பகலில், பார்ப்பார் யாருமில்லை என்ற தெம்பில், சத்திரத்தின் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, மலைநாட்டு முறைப்படி குங்கிலியச் சுள்ளி போட்டுக் கிழங்கைச் சுட்டான்.

பனி அவனை மறைத்தது, புகையை மறைக்கவில்லை. துறையில் இருந்த மௌவலின் மூக்கில் அது கிழங்கு வேகும் மணத்தோடு வந்து ஏறியது. தாய் அடுப்படியின் வாசனை. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, கனவில் நடப்பவள்போல் அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நம் ஊர்க்காரர் யாரோ வந்திருக்கிறார், இரண்டு வார்த்தை பேசலாம் என்ற ஆசையைத் தவிர அவள் நெஞ்சில் வேறொன்றும் இல்லை. கொல்லை வேலியருகே போய் நின்றாள். கோளரி நிமிர்ந்து பார்த்தான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

“அட, வாசம் புடிச்சு வந்தியா? நம்ம மலைப் பொண்ணுதான் போல. வா தாயி, ஒரு துண்டு தின்னு பாரு,” என்று சுடச்சுடக் கிழங்கை உடைத்து நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளங்கை பொரிந்தது, கீழே போடவில்லை. கிழங்கைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்த மூன்று கற்களைப் பார்த்தாள். “நல்லா வெந்திருக்குதுங்க” என்றாள். அந்தக் கிழங்கோடு நேரே அவைக்கு வந்துவிட்டாள்.

எங்கள் அவை கழியின் நடுவே கட்டிய தெப்பத்தில் கூடும். அவைமுதல்வர் மூங்கிற்காடனார் முன்னே கோளரி, “அது அடுப்பே இல்லீங்க. சும்மா மூணு கல்லு” என்றான். சத்திரத்துச் சமையல்காரி புன்னையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “மூணு கல்லு, நடுவுல நெருப்பு, மேல கிழங்கு. அது அடுப்பு இல்லேன்னா, நான் இத்தன காலமா என்னத்து முன்னால குந்தி வெந்துக்கிட்டிருக்கேன்?” என்றாள். தெப்பமே ஆடும்படி ஊர் சிரித்தது.

கோளரி சிரிக்கவில்லை. மௌவலைப் பார்த்து, “ஏம்மா, ஓட்டப் படக அடைக்கிறவ, என் வாய அடைக்க வந்துட்டியாக்கும்?” என்றான்.

“அடைக்க இல்ல. தொறக்கத்தான் வந்தேன்,” என்றாள் அவள்.

இதை உங்கள் ஊர் அவையில் சொல்லிப் பார்த்தாயா என்று மூங்கிற்காடனார் கேட்டார். “சொன்னேனுங்க. எனக்காகப் பேச வந்த பெரியவரையும் புடிச்சு உள்ள வச்சுட்டாங்க. அப்புறம் யாரும் வரல.”

குன்றவாயில் மண்ணில் குன்றவாயில் ஆள் குன்றவாயில் ஆளுக்குச் செய்ததில் ஆம்பலந்துறைக்கு என்ன வேலை என்று கோளரி வாதாடினான். தாங்கள் எழுதியதும் அதுவே. வேலித் தகராறும் மாட்டுத் தகராறும் அந்தந்த மண்ணுக்குரியவை. அதில் நாங்கள் தலையிடோம். ஆனால் கடற்கொள்ளைக்காரன் எந்தத் துறையில் அகப்பட்டாலும் அந்தத் துறை அவனைக் கேட்கிறது. கட்டிப்போட்ட மனிதனை அடித்துக் கொல்பவனும் அப்படிப்பட்டவனே. எந்த மண்ணும் அவனைத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில்லை. தங்கள் முன்னோர் கோட்டை வாயிலிலேயே சிறைப்பட்டவரை அடித்தலாகாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தங்கள் ஓலையிலும், எம் ஆணைப்படி செய்தான் என்ற சொல் இல்லை. தங்கள் சட்டமும் ஆணையும் அவனுக்குத் துணை நில்லாதபோது, தங்கள் நாட்டின் பெயரை மட்டும் அவன் போர்த்துக்கொள்ள இயலாது என்று அவை கண்டது.

என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டார்கள். “அவரு தலையா? அத வச்சு நான் என்ன பண்ணப் போறேன். என் தம்பிய எங்க வச்சாருன்னு சொல்லணும். எல்லாரும் கேக்க, அவன் பேரச் சொல்லிச் சொல்லணும். அவ்ளோதான்.”

அவ்வாறே தீர்ப்பாயிற்று. கோளரி சொல்ல மறுத்தான். தீர்ப்புக்கு வாய் திறக்காதவனிடம் ஊரும் வாய் திறப்பதில்லை என்பது எங்கள் முறை. அவனுக்குச் சோறு வைத்தார்கள், பாய் விரித்தார்கள், வழி விட்டார்கள்; ஒருவரும் பேசவில்லை. மழைக்காலம் முழுதும் அவன் பனிக்குள் நடந்தான். பேசிக்கொண்டிருந்தவர்கள் அவன் வரவும் வாய் மூடினார்கள். அவன் போனதும் பின்னால் பேச்சு மறுபடி தொடங்குவது கேட்கும். கடைசியில் கரையில் கட்டிக் கிடந்த படகுகளிடம் அவன் பேசத் தொடங்கினான். மௌவல் அங்கேதான் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் பேசவில்லை, தலையை மட்டும் தூக்கினாள்.

மறுநாள் அவன் தானாகத் தெப்பத்துக்கு வந்தான். “கீழ மதிலுக்கு உள்பக்கம், நாவ மரத்தடியில. நான்தான் அடிக்கச் சொன்னேன். ரெண்டாம் நாளே போயிட்டான். தண்ணி கேட்டான். தும்பன். அவன் பேரு தும்பன்” என்றான். மௌவல் அழவில்லை. “கேட்டதக் குடுத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கோமகனாரே, எங்கள் தீர்ப்பின் கை இந்தக் கழியோரத்தோடு நின்றுபோகிறது. தங்கள் கோட்டைக்குள் ஒரு பிடி மண்ணைக் கிளறவும் அதற்கு வலு இல்லை. அது தங்கள் ஒரு சொல்லால் மட்டுமே ஆகும்.

இந்த ஓலையைக் கொண்டுவந்து, தாங்கள் படிக்கும் இவ்வேளையில் தங்கள் எதிரே நிற்பவள் மௌவலே. தூதரை அனுப்புகிறோம் என்றோம். “தூதருக்கு என் தம்பிய அடையாளம் தெரியாதுங்களே” என்று சொல்லிக் கலமேறிவிட்டாள். அவள்மேல் ஒரு கை விழுமானால், அந்தக் கைக்குரியவர் என்றேனும் எங்கள் துறையில் இறங்குவார், நாங்கள் காத்திருப்போம். அவள் தங்கள் முன்னே குனியாமல் நிற்பதை அவமதிப்பாகக் கொள்ளற்க. அவள் கையேந்தி வரவில்லை, தீர்ப்போடு வந்திருக்கிறாள்.

அவளுக்கு வழியும் ஒரு மண்வெட்டியும் தருக. நாவல் மரம் வரை யாரும் அவளை மறிக்க வேண்டா.

பனி விலகிய வேளையில், அவையோர் பார்த்திருக்க, எம் கையால் ஆம்பல் முத்திரை இட்டோம். ஓலையைச் சுருட்டுமுன் ஆணையிடுக.