திருத்தி எழுதிய குறைகள்

ஜூன் 9, 2025
மாநகராட்சியிலிருந்து சண்முகசுந்தரி என்ற பெண் வந்தாள். எங்கள் கிடங்குச் சந்துப் பக்கத்தைச் சீரமைக்கப் போகிறார்களாம். என்ன வேண்டும் என்று குடியிருப்பவர்களே சொல்ல வேண்டுமாம். முதல் கட்டத்தில் ஒரு சந்துக்குத்தான் வடிகால். எங்களுக்கா, பின்சந்துக்கா என்பது கூட்டத்துக்குப் பிறகு முடிவாகும். பதினாறு வீட்டுக் குறைகளையும் எழுதித் தர ஆள் கேட்டாள். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். கான்வென்ட் கையெழுத்து. நானும் மறுக்கவில்லை.

ஜூன் 12
வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் மீன் அரிந்துகொண்டே சொன்னாள்: “மழை பேஞ்சா கக்கூஸ் தண்ணி அடுப்பாங்கரைக்குள்ள வருது. சோத்துப் பானையக் கட்டில்ல வச்சிட்டு நாங்க தண்ணிக்குள்ள நிக்கோம்னு எழுதுங்கம்மா.”
அப்படியேவா எழுதுவது? ‘மழைக்காலங்களில் கழிவுநீர் வெளியேற்றம் சீராக இல்லை’ என்று எழுதினேன். மற்றவற்றையும் இதே போலத் திருத்தினேன். நான்கு பக்கம், ஓர் அடித்தல் இல்லை. என் வீட்டுக்கு: ‘குறை இல்லை.’

ஜூன் 13
தொண்டை கட்டிவிட்டது. வெளியே போகவில்லை.

ஜூன் 22
சமுதாயக் கூடத்தில் கூட்டம். நான்கு பக்கத்தையும் வாசித்தேன். பொறியாளர் கொட்டாவி விட்டார். “எல்லா வார்டுலயும் உள்ளதுதாம்மா.” பிறகு பின்சந்து ஷெர்லின் எழுந்தாள். “எங்க மாமியார் பொணத்த நாற்காலியில உக்கார வச்சு, தண்ணிக்குள்ள தூக்கிட்டுப் போனோம் சார்.” அவர் பேனாவை எடுத்தார்.
திரும்பும் வழியில் ஆறுமுகத்தாய் கேட்டாள்: “ஏம்மா, நான் சொன்னது எந்தப் பக்கத்துல? காதத் தீட்டி வச்சுக் கேட்டேன், காணலையே!”
துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஞானையா சொன்னார்: “நம்ம நாத்தத்துக்கு அம்மா சென்ட்டு அடிச்சிட்டாங்கள்லா.”
எல்லோரும் சிரித்தார்கள். நான் வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

ஜூன் 23
மறுபடி வாசித்தேன். பிழை ஒன்றுமில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே ஆள் பேசுவது போல இருக்கிறது — அந்த ஆள் நான். வடிகால் கைவிட்டுப் போனால்? ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

ஜூன் 25
சனிக்கிழமை வரை மாற்றித் தரலாம் என்று சண்முகசுந்தரி போனில் சொன்னாள். மீண்டும் போனேன். சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன்.
ஆறுமுகத்தாய் எட்டிப் பார்த்தாள். “ ‘நிக்கோம்’னே எழுதிட்டீங்களா? சரி, ஒங்க வீட்டுக்கு?”
“எனக்குக் குறை ஒன்றுமில்லை.”
“அப்போ, வெள்ளத்தப்ப ரெண்டு நாளு மேசை மேல உக்காந்திருந்தது யாராம்? சன்னல் வழியா நான் பாத்தேம்லா.”
பார்த்திருக்கிறாள். ஒன்றரை வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 27
கதவைச் சாத்திவிட்டு எழுதினேன்.
‘பிளாரன்ஸ், வயது 78, தனியாக இருக்கிறேன். 2023 டிசம்பர்ல கக்கூஸ் தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துச்சு. ரெண்டு நாள் மேசை மேல இருந்தேன். சேலையிலேயே போயிட்டேன். படகு கொண்டுவந்து கூப்பிட்டாங்க. நாத்தம் தெரிஞ்சிரும்னு, நல்லா இருக்கேன், போங்கன்னுட்டேன்.’
என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் அவரிடம்கூட இதைச் சொல்லியிருப்பேனா?

ஜூன் 28
கொடுத்துவிட்டேன். ஆட்டோ பிடித்து வீடு வந்தேன்.

ஜூலை 24
பின்சந்தில் தொடங்கி எங்கள் சந்து வழியாக ஒரே வடிகால்! அளவெடுக்கப் பொறியாளர் வந்தார். சந்தே கூடி நின்றது. “தண்ணி எந்த உயரத்துக்கு நின்னுதுன்னு தெரியணும். மேசை மேல இருந்தது எந்த வீட்ல?” என்று தணிந்த குரலில் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.
“இந்த வீட்லதான். உள்ள வாங்க” என்றேன்.
அலமாரியை நகர்த்தச் சொன்னேன். பின்சுவரில், நான் வெள்ளையடிக்காமல் விட்ட இடத்தில், கறுப்பாக ஒரு கோடு. அவர் டேப்பை நீட்டினார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.