பாலத்து மேட்டுல பறந்த வண்டி

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேலேயே மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. மெக்கானிக் பத்து மணிக்கு வர்றாராம். கார் சாவி என் தையல் மெஷின் டிராயர்ல இருக்கு. கோபத்துல நான்தான் ஒளிச்சு வச்சேன்.

"இந்தச் சின்ன வண்டிக்குப் புது ஃபில்டரும் பெரிய சைலன்சரும் எதுக்கு? சத்தம்தான் கூடும்"னு நேத்து சொன்னேன். "பொண்ணு சின்னப் புள்ளையா இருந்தப்ப இதே மாதிரி புது ஃபில்டர் மாட்டினோமே, பாலத்து மேட்டுல எப்படிப் பறந்துச்சு"ன்னு கேட்டுட்டு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க.

பறந்துச்சுதான். ஆனா அது ஃபில்டரால இல்லைங்க. டிக்கியில மாசக்கணக்கா கிடந்த, நான் தைக்கிற யூனிஃபார்ம் துணி மூட்டை நாலையும் அன்னிக்குக் காலையிலதான் கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிருந்தார். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். மேடு ஏறினதும் பின் சீட்டுல பொண்ணு கை தட்டினா, நீங்க ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்துச் சிரிச்சீங்க. சொல்லணும்னு வாயெடுத்தேன், அந்த முகத்தைப் பாத்ததும் மனசு வரலை. பதினெட்டு வருஷம் ஆச்சு. அப்படி ஒரு சிரிப்பை அப்புறம் நான் பாக்கவே இல்லை.

தைச்சதைக் கொடுக்க பஸ்ல போறேன். நாலு மணிக்கு வந்துடுவேன்.

கீழே இடம் இல்லை, ஓரத்துல எழுதுறேன்: மெக்கானிக் மாட்டட்டும். இப்ப டிக்கியில கிடந்த துணி மூட்டையெல்லாம் இறக்கி வராந்தாவுல வச்சுட்டேன். நான் வந்ததும் பாலத்துக்குப் போவோம். ஸ்டெப்னியை மட்டும் என்னால தூக்க முடியலை, அதை நீங்க இறக்கிடுங்க.