பொம்மைக்குக் கண் ஒட்டியது யார்?

இன்று காலை எங்கள் தெருவுக்கு மெத்தை தைக்கிறவர் வந்திருந்தார். கீழ்வீட்டுப் பழைய தலையணைகளைப் பிரித்து, வாசலில் சாக்கை விரித்துப் பஞ்சை உதறிக்கொண்டிருந்தார். மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்த எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. இலவம் பஞ்சு. வேறு எந்தத் தூசிக்கும் எனக்கு இப்படி அடுக்குத் தும்மல் வராது. நீ அனுப்பும் பார்சலைப் பிரிக்கும்போதெல்லாம் இப்படித்தான் தும்முவேன். 'பொம்மை வந்து சேர்ந்தது, தும்மிவிட்டேன்' என்றுதான் உனக்குப் பதில் கடிதத்தைத் தொடங்குவேன். அந்த ஞாபகத்தில் அழுகை வந்திருந்தால் தேவலை. எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கடிதத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. இருந்தாலும் திட்ட வேண்டியதை எல்லாம் திட்டிவிடுகிறேன்.

நம் சிநேகிதமே சண்டையில்தானே ஆரம்பித்தது. ஒரு பெண்கள் பத்திரிகையில் துணிப்பொம்மை செய்முறை எழுதியிருந்தாய். அதில் கழுத்துக்குக் கொடுத்திருந்த அளவை நம்பி நான் வெட்டித் தைத்தேன். பொம்மை கொக்கு மாதிரி நின்றது. ஆத்திரத்தில் பத்திரிகைக்கு எழுதினேன். அவர்கள் அதை அப்படியே உன்னிடம் தள்ளிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்பாய் என்று பார்த்தால், 'அச்சுப்பிழைக்கு நான் பொறுப்பில்லை. கழுத்து நீண்டுவிட்டால் இரண்டு மாலை போட்டுவிடுங்கள், எடுப்பாக இருக்கும்' என்று எழுதியிருந்தாய். என்ன திமிர்! அன்றைக்கே பதில் எழுதினேன். அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் நாம் இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை.

நீ சாந்தோமில், நான் கே.கே. நகரில். "ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு ஸ்டாம்ப் ஒட்டி லெட்டர் போட்டுக்கறீங்களே, பஸ்ஸு ஓடலையா?" என்று என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் கேலி செய்வார். ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்டு உனக்கு ஃபோன் செய்தேன். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், மழையா, ஆமாம் மழை, வெச்சுடட்டா. அவ்வளவுதான் பேச வந்தது. அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. 'அன்றைக்கு ஃபோனில் பேசினது யார்? எனக்குத் தெரிந்த பொம்பளை இல்லை அவள். இனிமேல் அவளைப் பேச விடாதே' என்று எழுதியிருந்தாய். அதோடு ஃபோனை விட்டோம். அந்தக் கூத்துக்கு நான் இப்போது அனுபவிக்கிறேன்.

பொம்மையில் உடம்பு உன் வேலை, உடுப்பு என் வேலை. அந்த வாரம் நீ பார்த்த யாராவது ஒருவரை எடுத்துக்கொள்வாய். பேருந்து நடத்துநர், இஸ்திரி போடுகிறவர், பள்ளிக்கூட வாசலில் மாங்காய் விற்கிற ஆயா. உடம்பைத் தைத்துப் பஞ்சடைத்து அனுப்புவாய். கூடவே ஆள் எப்படி நிற்பார், என்ன உடுத்தியிருந்தார் என்று பக்கம் பக்கமாக எழுதுவாய். நான் அதைப் படித்து, நேரில் பார்க்காத அந்த ஆளுக்கு உடுத்தி, கடைசியில் கறுப்பு நூலால் கண் தைத்துத் திருப்பி அனுப்புவேன். கண் மட்டும் நீ வைக்கவே மாட்டாய். ஏன் என்று முதல் தடவை கேட்டபோது, 'தபால் மூட்டைக்குள் இருட்டைப் பார்த்துப் பயந்துகொள்ளப் போகிறது. இறங்கின இடத்தில் கண் திறக்கட்டும்' என்று எழுதினாய். ஊர் வந்த பிறகு திருப்பி மூட்டையில்தானே போகிறது, அப்போது பயப்படாதா என்று நான் மடக்கினேன். வீட்டுக்குத் திரும்புகிற எவரும் இருட்டுக்குப் பயப்படுவதில்லை என்று பதில் போட்டாய். உன்னிடம் எதற்குமே பதில் இருந்தது.

உங்கள் கடற்கரையில் மீன் விற்கும் அம்மாவைச் செய்தோமே, நினைவிருக்கிறதா? பச்சைச் சேலை, தூக்கிச் செருகின கொசுவம், இடுப்பில் சுருக்குப் பை, எல்லாம் நீ எழுதினபடியே செய்து அனுப்பினேன். பெருமையாக அந்த அம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாய். "இன்னாம்மா இது, எம் மூக்குத்தி எங்க? பொம்மைலயும் அடகு வெச்சுட்டியா? கொண்டா இங்க, ரெண்டு பக்கமும் வெச்சுத் தா. அதுக்கோசரம் மீன் வாணா இனாமா வாங்கிக்கினு போ" என்று அவர் விரட்டினதை நீ எழுதி, நான் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். மூக்குத்தியை எழுத மறந்தது நீ. கரித்துக் கொட்டப்பட்டது நான்.

வருஷத்துக்கு ஒரு தடவைதான் நேரில் பார்ப்போம். நவராத்திரிக்கு முன்னால் மயிலாப்பூரில் கொலுப் பொம்மைக் கடைகள் போடும்போது வருவாய். எனக்குப் படி நிரப்ப ஏதாவது ஒன்று, உனக்குக் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்க மாடும் ஆடும். வாங்குவதைவிட, "இந்தக் கிருஷ்ணருக்கு யாரு லிப்ஸ்டிக் போட்டது" என்று நீ குறை சொல்வதுதான் அதிகம். போன வருஷம் நீ வரவில்லை. கால் வலி என்று எழுதினாய். நான் நம்பினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் மதில் மேல் குட்டி போட்ட பூனையைப் பற்றி நான்கு நான்கு பக்கம். பொம்மை எதுவும் வரவில்லை. ஒன்று கையில் இருக்கிறது, மெதுவாக வரும் என்று மட்டும் ஒரு வரி.

அப்புறம் கடிதமும் நின்றது. நான் போட்டதற்கெல்லாம் பதில் இல்லை என்றதும் ஆட்டோ பிடித்து உன் வீட்டுக்கே வந்தேன். உன் மகன் கதவைத் திறந்தான். யார் என்று சொன்னேன். அவனுக்குப் பிடிபடவில்லை.

"மம்மி தவறிட்டாங்களே ஆன்ட்டி. முப்பதாம் நாள் பூசைகூட முடிஞ்சிடுச்சு" என்றான்.

"எனக்கு ஏம்ப்பா சொல்லல?"

"மம்மி ஃபோன்ல இருந்த எல்லாருக்கும் மெசேஜ் போட்டோம். உங்க நம்பர் அதுல இல்லையே. நீங்க மம்மிக்கு எப்படிப் பழக்கம்?"

"லெட்டர்ல."

"ஓ, பென் ஃப்ரெண்டா! சோ க்யூட்."

க்யூட்டாம்! உன்னை மண்ணில் வைத்து, மாதப் பூசையும் முடித்துவிட்டு, என்னைப் பார்த்து க்யூட் என்கிறான். குளிர்பதனப் பெட்டியின் மேல் கரண்ட் பில்லோடு பில்லாக என் கடிதங்கள் பிரிக்காமல் கிடந்தன. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் நம்பர் உன் ஃபோனில் இருந்திருக்கிறது. அவருக்கும் சேதி போயிருக்கும். எனக்குப் போகவில்லை.

பொம்மைகள் எங்கே என்று கேட்டேன். அடையாறில் ஒரு கைவினைக் கடையில் காட்சிக்கு வைக்கக் கேட்டார்கள், பெட்டியோடு கொடுத்துவிட்டேன் என்றான். அங்கிருந்து நேராக அடையாறு போனேன். ஏசி போட்ட கடை, ஒரு மூலையில் காபியும் விற்கிறார்கள். நம் ஆட்கள் அத்தனை பேரும் கண்ணாடித் தட்டில் வரிசையாக நின்றார்கள். எல்லார் கீழேயும் உன் பெயர் ஒன்றுதான். அதை விடு. வரிசைக் கடைசியில் ஒன்று, நான் பார்த்தே இராத உடம்பு, ஒரு கதர்த் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றது. முகத்தில் இரண்டு பிளாஸ்டிக் கண் ஒட்டியிருந்தார்கள். ஆட்டினால் உள்ளே கருமணி உருளுமே, குழந்தைகள் பென்சில் பெட்டியில் ஒட்டுவார்களே, அந்தக் கண்.

"யாரும்மா இதுக்குக் கண்ணு ஒட்டினது?"

கடையைப் பார்த்துக்கொள்கிற பெண் ஓடி வந்தாள். "மேடம், தொடாதீங்க ப்ளீஸ். நாங்கதான் ஒட்டினோம். கண்ணே இல்லாம இருந்துச்சு, கஸ்டமர்ஸ் பயப்படறாங்க."

"கண்ணு வெக்கறதுக்கு நான் இருக்கேன்ல?"

"நீங்க யாரு மேடம்?"

அன்றைக்கு இரண்டாவது தடவையாக அந்தக் கேள்வி. பொம்மையை எடுத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, நகத்தால் அந்தக் கண்களைப் பெயர்த்தேன். பசையோடு முகத்துத் துணியும் கொஞ்சம் பிய்ந்து வந்தது. அவள் யாருக்கோ ஃபோன் செய்துகொண்டே, "அது டேமேஜ் பீஸ் மேடம், ஒரு பக்கம் பஞ்சே இல்ல, நாங்கதான் துணி வெச்சு ஷேப் கொண்டு வந்தோம்" என்றாள். உன் கையில் பஞ்சு குறைந்து நான் பார்த்ததில்லை. கதர்த் துண்டைப் பிரித்தேன். உள்ளே அவர்கள் திணித்திருந்த கந்தலை உருவினேன். இடது பக்க மார்பு தட்டையாக இருந்தது. அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரைக்கும் சாய்வாக ஒரு தையல். பொடித் தையல், உன் தையல்.

அவள் ஃபோன் செய்தது உன் மகனுக்குத்தான். சண்டை போட வந்தவன் மாதிரி வந்தான். நான் பொம்மையை நீட்டினேன். வாங்கினவன் விரல் அந்தத் தையலில் போய் நின்றுவிட்டது.

"இந்தப் பக்கம்தான் ஆன்ட்டி எடுத்தாங்க. நான்தான் டிரெஸ்ஸிங் மாத்துவேன்" என்றான். "இப்படியேதான் சாய்வா இருக்கும். பொம்மைங்கள பெட்டியில போட்டப்ப இத நான் பார்க்கவே இல்லையே."

அப்புறம் அவனும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கேட்கிறேன், சொல்லு. பூனைக்கு நான்கு பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு இதற்கு ஒரு வரி எழுத வரவில்லையா? தைத்து அனுப்பினால் நான் புரிந்துகொள்வேன் என்று நினைத்தாய், சரி. புரிந்தும் கொண்டேன். அனுப்பினாயா? அதை முடிக்காமல் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய். நீ செய்த அத்தனை பேருக்கும் உடுத்திவிட்டவள் நான். முகம் தெரியாத நடத்துநருக்குச் சட்டைப் பை வைத்துத் தைத்தேன். உனக்கு உடுத்த ஆள் தேவைப்பட்டபோது மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. ஒரே ஊரில்தானே இருந்தேன்? ஒரு ஃபோன் செய்திருந்தால், அந்த நல்லா இருக்கியா பொம்பளையாவது ஓடி வந்திருப்பாளே.

பொம்மையை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். கடைக்காரப் பெண் ஏதோ சொல்ல வந்தாள். உன் மகன், "அவங்ககிட்ட இருக்கட்டும், அது அவங்களுக்கு வந்தது" என்றான். க்யூட் என்றதற்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டேன். வாசலில் அவனைக் கேட்டேன், கடைசியில் அம்மா என்ன உடுத்திக்கொண்டிருந்தாள் என்று. நம் வழக்கம் அதுதானே, ஆள் எப்படி இருந்தாரோ அப்படியே உடுத்த வேண்டும். நல்ல சேலை ஏதாவது சொல்வான், ஊதா என்றோ மெரூன் என்றோ சொல்வான் என்று நினைத்தேன்.

"நைட்டிதான் ஆன்ட்டி. முன்னாடி பட்டன் வெச்சது. மம்மியால கை தூக்க முடியாது."

இத்தனை வருஷத்தில் எந்தப் பொம்மைக்கும் நான் நைட்டி தைத்ததில்லை. தைப்பேன் என்று நினைத்ததும் இல்லை. பூப்போட்ட பழைய பருத்தித் துணி ஒன்றைத் தேடி எடுத்து, உன் உடம்பை அளந்து வெட்டினேன். இடது பக்கம் தட்டையாகவே இருக்கட்டும் என்று விட்டேன், எதையும் வைத்து நிரப்பவில்லை. கிழிந்த முகத்தின் மேலேயே கண்ணும் தைத்தேன். கொஞ்சம் கோணல்தான், அந்தக் கடைக்காரியைப் போய்க் கேள்.

கோபம் இன்னும் போகவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டால் குறையும் என்று நினைத்தேன், குறையவும் இல்லை. ஆனால் நைட்டிக்குக் கழுத்திலிருந்து கால் வரைக்கும் முன்பக்கம் பட்டன் வைத்திருக்கிறேன். கையைத் தூக்கச் சொல்லாமல் உனக்கு உடுத்திவிட்டேன்.