டொலியின் முதுகில் எங்கள் கடைச் சாக்கு

11 ஜனவரி 2025

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்பது கிலோமீட்டர் குதிரைப் போட்டி நடக்கப் போகிறதாம். வேகம் பெரிதில்லை, குதிரை நோகாமல் கடைசிவரை தாக்குப்பிடிக்க வேண்டும். என் அருமைக் கணவர் றிஸ்மி பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். அரிசிக் கடை முதலாளி! இதுவரை ஏறிய ஒரே குதிரை, கலியாணமான புதிதில் நுவரெலியாவில் படம் எடுக்க ஏறியது. அன்றும் கயிற்றை வேறொருவர் பிடித்திருந்தார். சிரித்துச் சிரித்து எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

19 ஜனவரி

பயிற்சி பார்க்கப் போனேன். தோட்டத்தார் கொடுத்த குதிரையின் பெயர் டொலி. கபில நிறம், நீண்ட இமை, என்னைவிட அழகி. றிஸ்மி அதன்மேல் துள்ளித் துள்ளி விழுந்தார். மிருக வைத்தியர் கோகிலா, றக்வானத் தோட்டத்துப் பிள்ளை, பொறுக்க முடியாமல் சொன்னாள்: "சார், நீங்க உக்காரலைங்க, விழுறீங்க. எல்லாம் அது முதுகுலதான் இறங்குது. ஒரு வருசம் பழகிட்டு வாங்களேன்."

"கொஞ்சம் உடம்பையும் குறைக்கலாம்" என்று நானும் சேர்த்துக்கொண்டேன்.

"இது சதையில்ல, எலும்பு" என்றார். இரவு அந்த எலும்புக்கு மூன்று முறை சோறு வைத்தேன்.

2 பெப்ரவரி

போட்டி முடியும் இடத்தில் குடும்பத்துக்கே சஹன் சாப்பாடாம். ஒரே தாலத்தைச் சுற்றி ஆறாறு பேர். வீரர் வராமல் யாரும் கை வைக்கக் கூடாதாம். மச்சான் முக்தார் பெனர் அடித்துவிட்டார். மாமி வழி ஆட்கள் தெஹியோவிட்டயிலிருந்து வான் பிடித்து வருகிறார்கள். இனி இந்த மனிதர் எப்படிப் பின்வாங்குவார்? எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. டொலியின் முதுகுதான் நினைவில் நிற்கிறது.

9 பெப்ரவரி

போட்டியன்று டொலிக்குத் தண்ணீர் காட்டித் துடைத்துவிடும் உதவியாளர் நான்தானாம். கரட் டொலிக்கு, ஏச்சு எனக்கு.

15 பெப்ரவரி

இன்று போட்டி. பாதி வழியில் எல்லாக் குதிரைகளையும் நிறுத்திப் பரிசோதிப்பார்கள். பழுதென்றால் அதோடு சரி. டொலி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. ஈரப் பஞ்சை வைத்ததும் முதுகை நெளித்தது. சேணத்தைக் கழற்றினால் – எங்கள் கடைச் சாக்கு! றிஸ்மிதான் மடித்து உள்ளே வைத்திருக்கிறார். கடை நாட்டாமிமார் மூட்டை தூக்குமுன் தோளில் போடுவார்களே, அதே சாக்கு. அது சுருண்டு தோலை உரித்து, ரத்தம்.

"நோகாம ஈக்கட்டும் எண்டுதானே வெச்சேன்..." முகம் வெளிறிப் போயிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த மூச்சிலேயே, "சேணத்தப் போடு யும்னா. பாதிதானே ஈக்கி. அங்க எல்லாரும் பசியோட ஈக்கிறாங்க" என்றார்.

பசியாம் பசி! இதுட முதுகு உரிஞ்சி கிடக்கு, இவருக்குச் சோத்து நினைப்பு!

சாக்கைத் தூக்கிக் கொடி மாதிரி ஆட்டினேன். "டொக்டர்! இஞ்ச ஒரு மூட்டைய இறக்கணும்!"

கோகிலா வந்து பார்த்தாள். எங்கள் ஓட்டம் அங்கேயே முடிந்தது. மருந்து போட்டு, குறுக்கு வழியால் மெல்ல நடத்திக் கூட்டிப் போகச் சொன்னாள். பெனருக்குக் கீழே குதிரை முன்னே வந்தது, வீரர் பின்னே நடந்து வந்தார். ஆண்களின் சஹனில் இவர் நன்றாகத்தான் சாப்பிட்டாராம்.

18 பெப்ரவரி

என்னோடு இன்னும் பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றாலும் சுவரிடம்தான் கேட்கிறார்.

20 பெப்ரவரி

கடையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோகிலா படம் அனுப்புகிறாள்: றிஸ்மியின் தோளில் அந்தச் சாக்கு, அதன்மேல் டொலிக்குப் புல்லுக்கட்டு. போன் எடுத்துக் கேட்டேன். "தினமும் வந்து மருந்து பூசுறாருங்க. முதுகு ஆறினப்புறம் ஆரம்பத்துலருந்து சவாரி பழக்கித் தாங்கன்னு கேக்குறாரு" என்றாள்.

நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்துகொண்டேன்.

21 பெப்ரவரி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தார். புரியாணி. வழக்கம்போல மூன்றாவது அகப்பையோடு போனேன். கையால் தாலத்தை மறைத்தார். சண்டைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு:

"போதும். டொலிதானே தூக்கணும்."