அக்காவின் முறைத் தண்ணீர்

அக்கா,

பங்குனி வெயில் நடுவே இன்று மண் வாசனை வந்தது. பின்னாலேயே மழையும் வந்துவிட்டது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். பழுக்கத் தொடங்கிய குலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பாதிப் பழம் வெடித்துவிடும். ஐப்பசியில் ஏங்கியபோது வராத மழை, யாரும் கேட்காத மாதத்தில் வந்து நிற்கிறது. கோபம்தான் வந்தது. கூடவே நீங்களும் நினைவுக்கு வந்து, சிரித்துவிட்டேன். எங்கள் முதல் காய்ப்பில் நீங்கள் செய்த வேலையைத்தானே இப்போது வானம் செய்கிறது.

நாம் வாக்கப்பட்ட அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிந்தபோது பென்னலூர்க் கழனி இரண்டாயிற்று. கிணறு மட்டும் பொதுவில் நின்றது. ஒரு நாள் உங்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. ஊரெல்லாம் நெல் நட, உங்கள் கொழுந்தன் திராட்சைக் கொடி வைத்தார். பழுக்கும் நேரத்தில் தண்ணீர் ஆகாது என்று அவர் சொல்லியிருந்ததால் பாத்தியைக் காயவிட்டிருந்தேன். நெல்லையே பார்த்துப் பழகிய உங்கள் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் ஒரு கல்யாணத்துக்காக மணிமங்கலம் போயிருந்த அன்று, உங்கள் முறைத் தண்ணீரை எங்கள் பந்தலுக்குத் திருப்பிவிட்டீர்கள். இரண்டொரு நாளில் குலை குலையாக வெடித்துப்போனது.

"இன்னாடி இது, தாகத்துக்குத் தண்ணி வுட்டது ஒரு குத்தமா?" என்று கேட்டபோது உங்கள் கண் கலங்கியிருந்தது. அவரால் திட்டவும் முடியவில்லை. வெட்கத்தில் நீங்கள் ஒரு பழத்தைக்கூட வாயில் வைக்கவில்லை.

அப்புறம் மழை பொய்த்த அந்த வருஷம் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்குள் மாடு மேய்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். தை பிறக்கும்போதே நம் கிணற்றில் பாறை தெரிந்தது. ஊறியது உங்கள் நெல்லுக்கும் போதவில்லை, எங்கள் கொடிக்கும் போதவில்லை. இலைகள் சுருண்டுவிட்டன. கொடியை வெட்டிவிடலாம் என்று அவர் அரிவாளை எடுத்த காலையில், கனவில் கேட்பதுபோல் வாய்க்காலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அன்று உங்கள் முறை. மடையை எங்கள் பக்கம் திறந்துவிட்டு, யாரும் வந்து அடைக்காதபடி மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தீர்கள். கால் இரண்டும் தண்ணீரில் கிடந்தன. வேண்டாம் அக்கா என்று கையைப் பிடித்தேன்.

"நெல்லு போனா அடுத்த போகம் நட்டுக்கலாம். இது போனா வேரோட போயிடும். போய் வேலையப் பாருடி."

முறை தவறாமல் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் பல நாள் உங்களோடு பேசவில்லை. உங்கள் நெல் கதிர் பிடிக்காமலே காய்ந்தது. கொடி பிழைத்தது.

சித்திரையில் முதல் குலையைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை மென்றீர்கள்.

"புளிக்குதுடி. இதுக்கா என் நெல்லக் காயவுட்டேன்?"

சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டுக் கையை நீட்டினீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் போய்ச்சேர்ந்த பிறகு மழை மாதம் மாறியே வருகிறது. ஐப்பசி தப்பினால் எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். என் கண் அந்த வரப்புக்குத்தான் போகிறது. அங்கே இப்போது யாரும் உட்காருவதில்லை. நான் உட்கார விடுவதும் இல்லை.