சூசையைக் கேட்டு வந்த போன்

திண்டுக்கல்
2.4.2003

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி குறையவில்லை, கூடவும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. பின் தெருவுக்கு மட்டும் தவறாமல் வருகிறது. கவுன்சிலர் அங்கே குடியிருப்பது தற்செயல் என்று நாம் நம்ப வேண்டும்.

இந்த வருடம் உங்கள் கல்லூரிக்குக் கம்பெனிகள் வரவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு ஆச்சரியம் இல்லை. உன்னைச் சேர்க்க வந்த அன்று வழவழப்பான தாளில் அத்தனை கம்பெனிகளின் பெயரையும் போட்டுக் காட்டினார்களே, அப்போதே நினைத்தேன். உன் அம்மாதான் கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து மயங்கிவிட்டாள்.

இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து முகம் தெரியாத இடங்களுக்கெல்லாம் விண்ணப்பம் போடுகிறாய். பிப்ரவரியில் தோழியோடு பெங்களூர் போய் ஒரு தேர்வும் எழுதினாய். திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாய். அந்தக் கம்பெனி யாருடையது, எத்தனை காலமாக நடக்கிறது, ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் பயிற்சி, பிடித்திருந்தால் வேலை என்கிறார்கள். பிடிக்காவிட்டால்? ஆறு மாதம் வேலை வாங்கிக்கொண்டு ஆளை வெளியே அனுப்புவதற்கு இது ஒரு கௌரவமான ஏற்பாடு என்றுதான் எனக்குப் படுகிறது. இருந்தாலும் உனக்கு அதில் ஆசை இருப்பது தெரியும். முடிவு வந்தால் எழுது.

நேற்று நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக் கழற்றியிருப்பேன், நம் வீட்டுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜப்பார் பாய் கூப்பிட்டார். "சார், ஒங்களுக்குத்தான் போனு. பெங்களூராம். இங்கிலீசுல சூசை சூசைங்குது ஒரு பொண்ணு" என்றார். போய் எடுத்தேன். சின்னப் பெண்ணின் குரல். சூசைதானே பேசுவது என்று ஆங்கிலத்தில் கேட்டது. சார் இல்லை, மிஸ்டர் இல்லை, வெறும் சூசை. ஆமாம் என்றேன். வாழ்த்துகள், நீங்கள் எங்கள் பயிற்சிக்குத் தேர்வு பெற்றிருக்கிறீர்கள், ஜூனில் சேர வேண்டும் என்றது. நேற்று என்ன தேதி என்று உனக்குத் தெரியும். ஏப்ரல் ஒன்று.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உன்னிடம் இதை நான் சொன்னதில்லை. நீ சிறுமியாக இருந்தபோது எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் இடம் காலியானது. முறைப்படி எனக்கு வர வேண்டியது. அந்த ஏப்ரல் முதல் தேதி, கல்வி அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் பள்ளிக்குப் போன் செய்தார். வாழ்த்துகள், சூசை, நீங்கள் தேர்வு பெற்றிருக்கிறீர்கள் என்றார். இதே வார்த்தைகள். நான் ஜிலேபி வரவழைத்து ஆசிரியர் அறையில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். தின்று முடித்து விரலைத் துடைத்துக்கொண்டு, என்னோடு வேலை பார்த்த ஆனந்த்ராஜ் கேட்டான்: "ஏலே சூசை, காலண்டர்ல தேதியக் கிழிச்சியா இல்லியாலே?" அந்த அறையே சிரித்தது. அந்த மாதமே பதவி அவனுக்குப் போனது. இப்போது தாடிக்கொம்பு சாலையில் மாடி வீடு கட்டியிருக்கிறான். அவனுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம். போவதற்கு முன் இன்னொரு தடவை சிரித்துப் பார்க்க ஆசைப்பட்டு, யாரோ ஒரு பெண்ணைப் பிடித்துப் பேச வைத்திருக்கிறான்.

இந்த முறை நான் ஜிலேபி வாங்கவில்லை. உங்கள் பயிற்சி சூசைக்குத் தேவையில்லை, இனி இந்த எண்ணுக்குப் பேசாதீர்கள், உங்களை ஏவிவிட்டவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். நிச்சயமாகவா என்று அந்தப் பெண் இரண்டு தரம் கேட்டாள். நடிப்பை மெச்ச வேண்டும். நிச்சயமாக என்று சொல்லி வைத்துவிட்டேன். "என்ன சார், பெங்களூர்க்காரிய இப்புடி வறுத்து எடுத்துட்டீக" என்றார் ஜப்பார். வெகு காலத்துக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன்.

நீ தேர்வுக்கு ஒழுங்காகப் படி. விடுதியில் யாரிடமும் உன் விவரங்களைச் சொல்லாதே. ஆண்டவர் உன்னைத் தீயவர் கண்ணிலிருந்து மறைத்து வைப்பாராக.

இப்படிக்கு,
உன் தந்தை
அ. சூசை, எம்.ஏ., பி.எட்.


திண்டுக்கல்
9.4.2003

ஏஞ்சலின்,

என் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று நீ ஜப்பார் கடைக்குப் பேசினாய் அல்லவா? நீ கத்தியிருக்கலாம். நிதானமாக, வகுப்பில் பாடம் சொல்வது போலச் சொன்னாய். அந்த விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. கடைசிப் பெயரில் எஸ் என்ற இனிஷியலை மட்டும் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அதனால் என் முழுப் பெயரையும் எழுதி, போன் எண்ணுக்கு ஜப்பார் கடை எண்ணைக் கொடுத்தாய். அங்கே எல்லாரையும் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு நீதான் சூசை. சொல்லி முடித்துவிட்டு, "பரவால்லப்பா, விடுங்க" என்றாய். அதற்குப் பிறகு விடுதிக்கு இரண்டு தரம் போன் செய்தேன். படித்துக்கொண்டிருக்கிறாய் என்று சொன்னார்கள். இருக்கலாம்.

முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "நல்ல சேதி வந்தாக்கூட ஒங்களுக்கு அது நாறும். அவ எதுக்கு ஒங்ககிட்ட சொல்லுவா?" என்றாள். இத்தனை வருடத்தில் அல்போன்சா என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

இன்று காலை ஜப்பார் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். அவர் போனோடு ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார், கூப்பிட்டவர் எண்ணைக் காட்டும். பொத்தானை அமுக்கிப் பழைய எண்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளினார். "இருந்தா ஒங்க அதிர்ஷ்டம் சார். நெறைஞ்சா பழச அதுவே அழிச்சிரும்" என்றார். பெங்களூர் எண் இருந்தது.

அங்கே யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் பெயரை அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சூசை விஷயமாகப் பேச வேண்டும் என்றேன். யார் பேசுவது என்றார்கள். சூசையின் அப்பா என்றேன். முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் சொல்ல நாக்கு புரளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே பெண் வந்தாள். சூசைக்கு உங்கள் பயிற்சி வேண்டும், மிகவும் வேண்டும் என்றேன்.

சூசையே பேசி மறுத்ததாகக் குறித்து வைத்திருக்கிறேனே, அன்று பேசியது யார் என்று கேட்டாள். நான் சொன்ன பதிலைக் கவனமாகப் படி. எங்கள் குடும்பத்துக்கு வேண்டாதவர் ஒருவர், சூசை முன்னுக்கு வருவது பிடிக்காமல், போனை எடுத்து அப்படிச் சொல்லிவிட்டார் என்றேன். ஜப்பார் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்பதாக இருக்கிறோம், ஈஸ்டர் முடிந்த திங்கள்கிழமை சூசை நேரில் வந்தால் மேலதிகாரியைப் பார்க்க வைக்கிறேன், அதற்கு மேல் உறுதி தர முடியாது என்றாள். குரலில் இரக்கம் இருந்தது போலத்தான் தெரிந்தது. ஏற்கெனவே இடத்தைக் கொடுத்துவிட்டுச் சமாதானத்துக்குச் சொல்கிறாளோ என்றும் ஒரு எண்ணம் வருகிறது. அந்த எண்ணத்தை நீ பொருட்படுத்தாதே. எனக்கு அப்படித்தான் வரும்.

நீ போக வேண்டும். ஈஸ்டருக்கு இங்கே வந்துவிட்டுப் போனால் அம்மா சந்தோஷப்படுவாள். வரப் பிடிக்காவிட்டால் கோயம்புத்தூரிலிருந்தே போ. நான் துணைக்கு வருகிறேன் என்று சொல்லமாட்டேன். தோழியைக் கூட்டிக்கொள். அந்த எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், ஜப்பாரிடமும் இருக்கிறது.

அந்தப் பெண் உன்னிடமும் கேட்பாள், அன்று பேசியது யார் என்று. நான் சொன்னதையே நீயும் சொல். இரண்டு நாளும் பேசிய குரல் ஒன்றுபோல இருந்ததே என்று துருவிக் கேட்டாலும் மாற்றாதே. உனக்கு அந்த ஆளைத் தெரியாது. மூன்று தரம் கேட்டாலும் தெரியாது என்றே சொல். நான் வருத்தப்படமாட்டேன், தாயி.

அப்பா